ஆரத்திக்குப் பயந்த ரோடு

கொரட்டூரில் ஒரு தெருவுக்குள் எந்தக் கட்சிக்காரரும் ஓட்டுக் கேட்டு நுழைவதில்லை என்று ஒரு பேச்சு. அந்தத் தெருவில் சுசீலா என்றொரு அம்மாள் இருக்கிறாராம். அவர் எந்த வேட்பாளருக்கு ஆரத்தி எடுக்கிறாரோ அந்த வேட்பாளர் தோற்பது உறுதியாம்.

இதைச் சொன்னவர் யூசுப். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். எல்லாக் கட்சித் தலைவர்களும் அவருடைய ஒரே மிஷினிலிருந்துதான் ஒருவர் பின் ஒருவராகச் சிரித்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். எந்தத் தலைவருக்கு எவ்வளவு சிவப்பு மை சேர்த்தால் கன்னம் பளபளக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அரசியல் செய்தி என்றால் டிவியைவிட நான் யூசுப்பை நம்புவேன். அதாவது, பாதி நம்புவேன்.

"சிரிக்காத சார்," என்றார் யூசுப். "போன தபா ஒரு கட்சி ஆளு வார்டு மேப்ப எடுத்தாந்தாரு. ஜீப்பு போற ரூட்ட பெருசா அடிச்சிக் குடுன்னாரு. இந்தத் தெருவ மட்டும் செகப்புல போடுன்னாரு. ஏன் அண்ணாத்தே, ரோடு சரியில்லையான்னேன். ரோடெல்லாம் பரவால்ல, அங்க ஒரு தட்டு கீதுன்னாரு."

தட்டுக்குப் பயப்படும் ஜனநாயகம் எப்படி இருக்கும் என்று பார்க்க அன்றைக்கே போனேன்.

தெருவைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. சுசீலாவின் வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். ரோட்டிலிருந்து பார்த்தால் கதவின் மேல்பாதிதான் தெரிகிறது. இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். கட்டியபோது மூன்று படி ஏறிப் போகிற வீடாம் அது. வீடு இறங்கவில்லை, ரோடு ஏறிவிட்டது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது ரோடு, அதன் மேலே இன்னொரு ரோடு என்று தேர்தலுக்குத் தேர்தல் அடுக்கியதில், மழை பெய்தால் தெருத் தண்ணீருக்குச் சுசீலாவின் கூடம்தான் ஏரி. உள்ளே ஃபிரிட்ஜ் செங்கல் மேல் நிற்கிறது. கட்டிலின் கால்களுக்கும் செங்கல். வீட்டில் உள்ள சாமான்கள் எல்லாம் எதையோ எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தன.

சுசீலாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவர் லட்சுமணன் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன். ஊரார் உடைமையைக் காவல் காக்கிற மனிதர், மழைக்காலத்தில் தன் வீட்டுச் சாமானை மட்டும் அடுத்த வீட்டு மாடிக்குக் கொண்டுபோய் ஒப்படைக்கிறார்.

நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்றதும் சுசீலா ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தக் கட்சி பத்திரிக?"

"கட்சியெல்லாம் இல்லைங்க."

"அதான பாத்தேன். கட்சி இல்லன்னு சொல்றவன்தான் பெரிய கட்சியா இருப்பான். உக்காருங்க. செருப்ப மேலயே உட்டுட்டு வந்தீங்களா? எடுத்தாந்து உள்ள வைங்க. போன வாரம் சர்வே எடுக்க வந்தவன் செருப்பு காணாம போச்சி. அவனே கொண்டு போயி ஒளிச்சி வெச்சிட்டு எங்க தெருவு மேல பழி போட்டுட்டான்னு எனக்கு ஒரு இது."

அவருடைய அரசியல் பார்வை முழுவதும் இந்த 'ஒரு இது'வில் அடங்கிவிடுகிறது. பெண்களுக்கு இலவச பஸ் என்றால், "ஃப்ரீன்னு சொல்லிட்டு ஸ்டாப்பிங்க தாண்டிப் போயி நிறுத்தறான். ஓடிப் போயி ஏறணும். ஒடம்பு எளைக்கறதுக்குன்னே போட்ட திட்டமோ இன்னாவோ." கரண்ட் மீட்டரை ஸ்மார்ட் மீட்டராக மாற்றப் போகிறார்களாமே என்றால், "மீட்டரு புத்திசாலி ஆயிட்டா நாம முட்டாளாத்தான ஆவணும்? ரெண்டு பேரும் புத்திசாலியா இருக்க எவன் உடுவான்?" பூந்தமல்லிப் பக்கம் மெட்ரோ வருகிறதே என்றால், "வரட்டும். மேலாக்க போறதெல்லாம் நல்லாத்தான் போடறாங்க. தரையிலதான் கை வர மாட்டேங்குது."

மனு முகாமில் மனு கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"குடுத்தேனே. ரோட்ட சொரண்டிட்டுப் போடுங்கன்னு. என் மனு மேல நடவடிக்கை எடுத்தாச்சுன்னு போனுல மெசேஜ் வந்துச்சி. இன்னா நடவடிக்கன்னு போயி கேட்டா, மெசேஜ் அனுப்பினதுதாம்மா நடவடிக்கைன்றாங்க."

பிறகு ஆரத்தி விஷயத்துக்கு வந்தேன். எல்லாக் கட்சிக்கும் எடுப்பீர்களாமே?

"எடுப்பேன். ஏன் எடுக்கறேன்னு எவனும் கேக்கல, நீங்க கேளுங்க."

கேட்டேன்.

"ஓட்டு கேக்க வர்றவன் நிக்கவே மாட்டான் சார். கும்புட்டுகினே ஓடுவான். நாம ஒரு வார்த்த சொல்றதுக்குள்ள அடுத்த ஊட்டுக்குப் போயிடுவான். ஆரத்தி எடுக்க சொல்லோ மட்டும்தான் நிப்பான். கற்பூரம் எரியற வரைக்கும் கால் நகர முடியாது. நகந்தா சகுனம் சரியில்லன்னு அவன் ஆளுங்களே புடிச்சி நிறுத்துவாங்க. அந்த நேரத்துல நான் சுத்திகினே சொல்லுவேன். ரோட்ட சொரண்டுப்பா, ஊட்டுக்குள்ள தண்ணி வருதுப்பா, சொரண்டாம போடாதப்பான்னு. தலைய ஆட்டுவான். பொட்டு வெச்சி உட்டுடுவேன்."

மாநிலத்தில் எத்தனையோ அறிஞர்கள் மக்கள் குரலை எப்படிக் கேட்க வைப்பது என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். ஒரு கட்டி கற்பூரம் போதும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

வதந்தியைச் சரிபார்க்க வேண்டுமே. தெருவில் நாலு பேரை விசாரித்தேன். இந்தப் பேச்சு கிளம்பும் முன் நடந்த தேர்தல்களில் ஏறக்குறைய எல்லா வேட்பாளர்களுமே இந்தத் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். உள்ளே வந்து நின்ற எல்லோருக்கும் சுசீலா ஆரத்தி எடுத்திருக்கிறார். ஆக, ஜெயித்த ஒருவரைத் தவிர எல்லோரும் தோற்றார்கள். தொகுதிக்கு ஒருவர்தானே ஜெயிக்க முடியும்? பத்துப் பேருக்கு ஆரத்தி எடுத்தால் ஒன்பது பேராவது தோற்கத்தான் செய்வார்கள். இதற்குத் தட்டு என்ன செய்யும்?

ஜெயித்தவர்களாவது ஆரத்தி வாங்கியிருந்தால் வதந்தி அன்றே செத்திருக்கும். விதி விடவில்லை. ஒரு தேர்தலில் ஜெயித்தவர் தெருமுனைக்கு வந்தபோது பிரச்சார நேரம் முடிந்துவிட்டது, கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த தேர்தலில் ஜெயித்தவர், தெருவில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டு ஜீப்பைத் திருப்பிக்கொண்டார். அவர்தான் இப்போதைய கவுன்சிலர் கார்த்திகேசன். தண்ணீரைப் பார்த்து ஓடியவர் ஜெயித்தார், தண்ணீரில் இறங்கி ஆறுதல் சொன்னவர்கள் தோற்றார்கள் என்றும் இதைச் சொல்லலாம். கட்சிக்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. தட்டு என்றே சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கணக்கை முதலில் போட்டுக் கிளப்பியது யார்? யூசுப், கவுன்சிலரின் உதவியாளர் கிஷோர் சொன்னதாகச் சொன்னார். கிஷோர், அம்பத்தூர் எஸ்டேட் போகிற ஷேர் ஆட்டோவில் காதில் விழுந்ததாகச் சொன்னார். அந்த ஷேர் ஆட்டோவில்தான் சுசீலா தினமும் வேலைக்குப் போகிறார். சுசீலாவிடமே கேட்டேன்.

"எனக்கு எதுக்கு சார் அந்த வேல? என் தட்டுக்கு நானே கெட்ட பேரு வாங்கிக் குடுப்பேனா?" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாத நேரத்தில் அடுப்பைப் பார்க்க எழுந்து போனார். எனக்கும் ஒரு இது.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் வேறு விஷயம் பேசினார். மகள் தீபிகாவுக்கு ஏழாம் மாதம். கட்டிக்கொடுத்தது ஆவடியில், பாதுகாப்புத் துறை தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். மருமகனுக்கு அங்கே வேலை. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவர வேண்டும். பிரசவம் ஐப்பசியில், சரியான மழையில்.

"சம்பந்தியம்மா வாய தொறந்து சொல்லிட்டாங்க சார். தண்ணி பூர்ற ஊட்டுக்கு பச்ச ஒடம்புக்காரிய எப்பிடி அனுப்பறது, இங்கயே இருக்கட்டும்னு. அவங்க குவார்ட்டர்ஸ் மேடு. கவர்மென்ட்டு தனக்குன்னு கட்டிகினா மேட்டுலதான் கட்டுது, பாத்தீங்களா? அவங்க சொல்றதும் நாயம்தான். ஆனா மொத பிரசவத்துக்கு பொண்ண ஆத்தா ஊட்டுக்குக் கூட்டியாராம வுட்டா, நான் இன்னா ஆத்தா?"

மூலையில் உட்கார்ந்திருந்த லட்சுமணன், "வாசல்ல ஒரு சொவரு கட்டிடலாம்னேன். கேக்கல," என்றார்.

"சொவரு கட்டினா தண்ணி நிக்கும். அடுத்த தபா சொவத்துக்கு மேல ரோடு போடுவான். அப்புறம் இன்னா, ஏணி போட்டு எறங்குவியா?"

அந்த வாரமே அது நடந்தது. உள்ளாட்சித் தேர்தல் எந்த நேரமும் அறிவிக்கப்படலாம் என்று பேச்சு எழுந்ததும், தெருவுக்குப் புது ரோடு போட உத்தரவு வந்துவிட்டது. தெருமுனையில் ஜல்லி கொட்டியாயிற்று. கவுன்சிலர் கார்த்திகேசன் பூசணிக்காய் உடைத்து வேலையைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. சுரண்டும் மிஷின் மட்டும் எங்கேயும் கண்ணில் படவில்லை. சுசீலா கான்ட்ராக்டரின் ஆளைக் கேட்டதற்கு, "மேல போட்டா கனமா நிக்கும்மா," என்றாராம். அதாவது சுசீலாவின் வீட்டுக்கு மூன்றாவது படி, கீழ்நோக்கி.

விழா அன்று காலையில் நான் போனபோது ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, கவுன்சிலர் முகத்தோடு ஒரு பேனர். யூசுப்பின் கைவண்ணம், கன்னம் பளபளத்தது. கவுன்சிலரின் கார் வந்து நின்றது. கதவு திறந்தது. ஒரு கால் வெளியே வந்தது.

எதிரே சுசீலா. பட்டுப் புடவை, கையில் தட்டு, தட்டில் ஆலம், வெற்றிலை மேல் கற்பூரம். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

வெளியே வந்த கால் உள்ளே போய்விட்டது.

கிஷோர் ஓடி வந்தார். "யக்கா, இன்னாக்கா இது? கொஞ்சம் ஓரமா நில்லு."

"நல்ல காரியத்துக்கு வர்ற புள்ளைக்கு ஆரத்தி எடுக்கக் கூடாதா நைனா?"

"எடுக்கலாம். அப்புறம் எடுக்கலாம். இப்ப லேட்டாயிடிச்சி."

"எலக்‌ஷனு வர சொல்லோ மொத ஆரத்தி நம்ம கவுன்சிலருக்குத்தான்னு வேண்டிகினு கீறேன். எறங்க சொல்லு."

கிஷோர் காரைத் திரும்பிப் பார்த்தார். தெருப்பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்க ஆரம்பித்தார்கள். கவுன்சிலரின் சங்கடத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மூடநம்பிக்கையை ஒழிப்போம் என்று போன மாதம்தான் மேடையில் பேசியிருக்கிறார். பேனர் கூட யூசுப்தான் அடித்துக் கொடுத்தார். ஆகவே பயம் என்று சொல்ல முடியாது. பயம் இல்லை என்றால் இறங்க வேண்டும். இறங்கினால் ஆரத்தி.

கார்க் கண்ணாடி இறங்கியது.

"யக்கா, உனக்கு இன்னா வேணும்?" என்றார் கார்த்திகேசன், பல் தெரியச் சிரித்துக்கொண்டு, பல் அசையாமல்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் நைனா. ரோட்ட சொரண்டிட்டுப் போடு."

"அது எஸ்டிமேட்டுல..."

"எஸ்டிமேட்டுல கீது. எல்லா ரோட்டுக்கும் சொரண்டறதுக்கும் சேத்துத்தான் எழுதறாங்களாம், என் கம்பெனில சொன்னாங்க. எழுதினத செய்யலன்னா அது எங்க போச்சின்னு நான் கேக்கல. கேட்டனா? நான் ஆரத்தி எடுக்கத்தான் வந்தேன். எறங்கு."

"யக்கா, மிஷினு பாடிப் பக்கம் வேற வேலைல கீது. வர நாளாவும்."

"ஆவட்டும். நான் தெனம் வந்து நிக்கிறேன்."

கற்பூரம் சிறுத்துக்கொண்டே வந்தது. அது அணைந்துவிட்டால் கதை முடிந்தது என்று கவுன்சிலரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். சுசீலாவும் பார்த்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, இன்னொரு கட்டியை எடுத்து வெற்றிலையில் வைத்தார்.

கார்த்திகேசன் போனை எடுத்து கான்ட்ராக்டரை அழைத்தார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. பேசி முடித்து, "ரெண்டு நாள்ல வரும். போதுமா? தட்ட எறக்கு," என்றார்.

"தட்ட எறக்க மாட்டேன். மொகத்த திருப்பிக்கறேன். நீ எறங்கி பூசணிக்கா ஒடச்சிட்டுப் போ. ஜல்லிய மட்டும் தொடாதே."

இப்படியாக, கவுன்சிலர் இறங்கிப் பூசணிக்காய் உடைக்க, ஒரு பெண்மணி ஆரத்தித் தட்டோடு சுவரைப் பார்த்து நிற்க, விழா இனிதே நடந்தது.

போகும்போது கிஷோர் சுசீலாவின் காதருகே வந்து கிசுகிசுத்தார். "யக்கா, எலக்‌ஷன்ல எதிர்க்கட்சி ஆளு வந்தா மட்டும் நல்லா பெருசா எடு, இன்னா?"

"பாக்கலாம்," என்றார் சுசீலா. அன்று சாயங்காலமே எதிர்த் தரப்பிலிருந்தும் ஒருவர் வந்து, கவுன்சிலருக்கு எடுக்காமல் விட்டதற்கு வருத்தப்பட்டுவிட்டுப் போனாராம். அவருக்கும் பாக்கலாம்தான்.

இரண்டு நாளில் மிஷின் வரவில்லை. சுசீலா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுத் தட்டைத் துலக்கி வாசலில் காய வைத்தார். அந்தப் பக்கமாக கிஷோர் பைக்கில் போனார், தட்டைப் பார்த்தார். மறுநாள் விடிவதற்குள் மிஷின் வந்து நின்றது.

ஓட்டி வந்தவர் அருள், விழுப்புரம் பக்கத்துக்காரர். மிஷின் தெருவைக் கடித்துக்கொண்டு நகர நகர, ஓரத்தில் வெட்டுப்பட்ட இடத்தில் ரோடு அடுக்கடுக்காகத் தெரிந்தது. கேக்கை வெட்டினால் தெரியுமே, அப்படி. சுசீலா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அடுக்குகளைக் காட்டினார்.

"இது அவன் போட்டது சார். அதுக்கு மேல இவன் போட்டது. மெல்லிசா ஒண்ணு கீது பாருங்க, அது மந்திரி வர்றாருன்னு ராத்திரியோட ராத்திரியா போட்டது. பழச ஏன் எடுக்க மாட்டாங்கன்னு இப்ப தெரியுதா? எடுத்தா அன்னைக்கி எவ்ளோ போட்டான்னு தெரிஞ்சிடும்ல. யாரு வந்தாலும் முன்னாடி இருந்தவன திட்டுவான், ஆனா அவன் போட்ட ரோட்ட மட்டும் தொட மாட்டான். ஏன்? நாளைக்கி இவன்து மேலயும் எவனும் கை வெக்கக் கூடாதுல்ல."

நான் எத்தனையோ அரசியல் விமர்சகர்களோடு டிவியில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி வெட்டுவாயைக் காட்டிப் பேசியவர் ஒருவரும் இல்லை.

சுசீலாவின் வாசலுக்கு வந்ததும் சிக்கல். சொல்லப்பட்ட ஆழத்துக்குச் சுரண்டினால் இரண்டு படி ஒரு படியாகும். அந்த ஒரு படியிலும் தண்ணீர் இறங்கும். சுசீலா இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

"அக்கா, எனக்குச் சொன்னது இவ்ளோதான். அதுக்கு மேல தோண்டினா சூப்பர்வைசர் என் கழுத்தைத்தான் தோண்டுவாரு."

"சூப்பர்வைசரு எங்க?"

"சாப்பிடப் போயிருக்காரு."

"நீ சாப்ட்டியா?"

"இல்லக்கா."

"எம் பொண்ணு புள்ளத்தாச்சிப்பா. இந்த ஊட்டுலதான் வந்து படுக்கணும். இன்னொரு தபா போ. உனக்கு நான் வஞ்சர மீன் கொயம்பு வெச்சிப் போடறேன்."

"தட்டுல போட மாட்டியே?" என்று கேட்டார் அருள். அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெருவே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மிஷினைப் பின்னால் எடுத்து, சுசீலாவின் வாசலிலிருந்து வடிகால் வாய் வரை இன்னொரு முறை ஓட்டினார். அன்று வஞ்சிரம் கிடைக்கவில்லை. சாயங்காலம் மிஷின் வேறு இடம் போய்விட்டது.

புது ரோடு போட்டபின் போயிருந்தேன். ரோடும் வாசலும் இப்போது சமம். சம்பந்தியம்மா ஆவடியிலிருந்து பார்வையிட வந்திருந்தார். சுசீலா ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து வாசலில் கவிழ்த்தார். தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு வடிகால் பக்கம் திரும்பி ஓடியது. சம்பந்தியம்மா குனிந்து பார்த்தார், இன்னொரு குடம் கேட்டார். அவரும் நம்புகிற ரகமில்லை. இரண்டாவது குடமும் அதே வழியில் போனது. "வளகாப்பு முடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க," என்றார்.

அடுத்த மாதம் தீபிகா வந்துவிட்டாள். ஃபிரிட்ஜ் மட்டும் இன்னும் செங்கல் மேல்தான் நிற்கிறது. இறக்கலாமே என்றேன். "மொத மழை வரட்டும் சார். கொடத்துத் தண்ணிய ஏமாத்தலாம். மானத்துத் தண்ணி வேற."

தேர்தல் வந்தால் யாருக்கு ஓட்டு என்று கேட்டேன். "இத்த கேக்கத்தான் இத்தினி நாளா வந்துகினு கீறீங்களா?" என்று கண்ணைச் சுருக்கினார்.

அருள் கொடுத்துவிட்டுப் போன போன் நம்பர் வேலை செய்யவில்லை. கான்ட்ராக்டரின் ஆள், அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார் என்கிறார். மிஷின் பூந்தமல்லிப் பக்கம் ஓடுகிறது, அருள்தான் ஓட்டுகிறார் என்று ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தேன். வேறு ஆள்.

"ரெண்டாந்தபா ஓட்டினதுக்குத்தான் நிறுத்திட்டாங்கன்னு எனக்கு ஒரு இது," என்றார் சுசீலா. போன ஞாயிற்றுக்கிழமை காசிமேடு வரைக்கும் லட்சுமணனை அனுப்பி வஞ்சிரம் வாங்கிவரச் சொல்லி, குழம்பு வைத்து, நாலு துண்டைத் தனியாக எடுத்து மூடியும் வைத்தாராம். தீபிகா கேட்டும் தரவில்லை.